படலைக்கு அப்பால் ஒரு கேள்வி

"என்ன புதினம்?"

யாழ்ப்பாணத்திலே இருவர் சந்தித்தால் முதலிற் பிறக்கும் கேள்வி இதுவாகும். "ஒரு புதினமும் இல்லை" என்பதே பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் விடை. அதன்பின் மழையைப் பற்றிச் சிறிது கதை. அரிசி விலையைப் பற்றிச் சிறிது கதை. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளைப் பற்றி இரண்டொரு விசாரணை. "சரி, நான் வரட்டுமா?" என்று ஒருவர் எழுந்து சைக்கிளைப் பிடிப்பார். மற்றவர் படலை வரை சென்று வழியனுப்புவார். நேற்றும் இதுவே நடந்தது. நாளையும் இதுவே நடக்கும்.

இவ்வண்ணம் இருபத்தைந்து ஆண்டுகள் எம்முடன் பழகிய நண்பர் ஒருவர் இருந்தார். தபாற் கந்தோரில் இலிகிதராக இருந்து இளைப்பாறியவர். மாலை ஐந்து மணியானால் எமது வீட்டு விறாந்தையில் அவருக்கென ஒரு கதிரை காத்திருக்கும். தேநீர் வரும் வரை ஏதோ ஒரு மெட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருப்பார். அஃது என்ன மெட்டு என்று நாம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒருநாள் பேச்சு 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பக்கம் திரும்பியது. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டு, மழையில் நனைந்து, நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றதை நம்மவர் மறத்தல் இயலாது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது நண்பரின் வீட்டிற் கூரை இருக்கவில்லை. "ஓடு போனது பெரிதில்லை. அந்தப் பெட்டி போனதுதான்..." என்று தொடங்கியவர் இடையிலே நிறுத்திக்கொண்டார்.

நாம் என்ன சொன்னோம்? "ஆருக்குத்தான் என்ன மிஞ்சியது?" என்றோம். ஆறுதல் கூறிவிட்டதாகவே அப்போது எண்ணினோம். சிறிது நேரம் மௌனம். அந்த மௌனம் எமக்குப் பொறுக்கவில்லை. "இந்த முறை வெங்காயம் என்ன விலை போகிறது?" என்று கேட்டோம். அவரும் விலையைச் சொன்னார்.

சில காலத்துக்கு முன் அந்த நண்பர் காலமானார். முப்பத்தோராம் நாள் வீட்டுக் கிருத்தியத்துக்குச் சென்றிருந்தபோது வழக்கம் போலக் கல்வெட்டு ஒன்றைக் கையிலே தந்தார்கள். வீட்டுக்கு வந்து வாசித்தோம். இளமையில் அவர் மூன்று நாடகங்கள் எழுதினாரென்றும், கோயிற் திருவிழா இரவுகளில் அவை மேடையேறினவென்றும், அவரே பெண் வேடந் தாங்கிப் பாடினாரென்றும், அவற்றின் கையெழுத்துப் பிரதிகள் யாவும் ஒரு தகரப் பெட்டியோடு 1995இல் அழிந்து போயினவென்றும் அதில் எழுதியிருந்தது. அவரோடு ஒருகால் நடித்த ஆசிரியர் ஒருவர் எழுதிய குறிப்பு அது.

இருபத்தைந்து ஆண்டுகள் எமக்கு அருகில் இருந்தவரை ஒரு கல்வெட்டின் வாயிலாக நாம் அறிந்துகொண்டோம். அன்று கேட்டிருக்க வேண்டியவை இரண்டே சொற்கள்: "என்ன பெட்டி?"

சுகம் விசாரித்தல் வீணா?

இவ்வாறு கூறுவதால் மழையையும் விலைவாசியையும் பற்றிப் பேசுதல் வெறும் வீண் பேச்சு என்று நாம் சொல்ல வரவில்லை. போலந்து இனத்தவரான மலினோவ்ஸ்கி என்னும் மானிடவியல் அறிஞர், முதலாம் உலகப் போர்க் காலத்தில், நியூகினிக்கு அண்மையிலுள்ள துரோபிரியாண்ட் தீவுகளில் அம்மக்களோடு வாழ்ந்து ஆராய்ந்தவர். சொல்லின் பொருளுக்காகவன்றி, மனிதரை மனிதரோடு இணைப்பதற்காகவே நிகழும் பேச்சு ஒன்று உண்டென்பதை அவர் 1923இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார். சுகம் விசாரித்தலும் காலநிலை பற்றிப் பேசுதலும் அவ்வகையின. "நான் உமக்குப் பகைவன் அல்லன், உமது பக்கத்தில் இருக்க விரும்புகிறேன்" என்பதே அவற்றின் உட்கருத்து.

ஆகவே அத்தகைய பேச்சு ஒரு படலையைப் போன்றது. படலை இல்லாமல் வளவுக்குள் நுழைதல் முறையன்று. ஆனால் வருந்தோறும் படலையிலேயே நின்று திரும்புவோரும், வீட்டின் உள்ளே என்ன இருக்கிறதென்று அறியாதோரும் நம்மிற் பலர் அல்லவா?

நன்னூலார் காட்டும் ஆறு வினா

தமிழிலக்கணம் கற்ற மாணவர் நன்னூலிலே வினா ஆறு வகைப்படும் என்று படித்திருப்பர். அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. தான் அறிந்ததையே மாணாக்கன் அறிவானா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. அறியாததை அறிதற்பொருட்டுக் கேட்பது அறியா வினா. கயிறோ பாம்போ என்று மயங்கிக் கேட்பது ஐய வினா. கடையிலே சீனி இருக்கிறதா என்பது கொளல் வினா. இல்லாதவனுக்குக் கொடுக்கும் எண்ணத்துடன் உடுப்பு இருக்கிறதா என்று கேட்பது கொடை வினா. ஒன்றைச் செய்விக்கும் நோக்குடன் கேட்பது ஏவல் வினா.

பரீட்சைக்காக மனனம் செய்த இப்பாகுபாட்டை ஒருநாள் நம் வீட்டுப் பேச்சிலே பொருத்திப் பார்த்தல் நன்று. "படித்து முடித்தாயா?" என்று தந்தை மகனைக் கேட்கிறார். வடிவத்திலே அது வினா; கருத்திலே "போய்ப் படி" என்னும் ஏவல். "உமது மகன் இன்னும் அந்த வேலையிலேதானா?" என்று உறவினர் கேட்கிறார். விடை அவருக்குத் தெரியும். கேட்கப்பட்டவரின் முகம் எப்படி மாறுகிறதென்று பார்க்கவே கேட்கிறார். காலை முதல் இரவு வரை நாம் கேட்பவற்றுள் உண்மையான அறியா வினா எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், நம்மிற் பலர் தலை குனிய நேரும்.

நட்பை வளர்ப்பது அறியா வினாவே. அதைக் கேட்பதற்கு முதலில் "எனக்குத் தெரியாது" என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். இங்கேதான் இடர்ப்பாடு. புகைவண்டியிலே எதிரில் இருக்கும் புதியவரிடம் ஊரையும் தொழிலையும் ஆவலுடன் கேட்கிறோம். இருபது ஆண்டு பழகியவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று இருந்துவிடுகிறோம். அவரை முழுவதும் அறிந்துவிட்டதாக நமக்கு ஓர் எண்ணம். உண்மையில் நாம் அறிந்திருப்பது அவருடைய பழக்கங்களை: எத்தனை கரண்டி சீனி போடுவார், எந்தப் பத்திரிகை வாசிப்பார், எத்தனை மணிக்கு எழுந்து போவார் என்பனவற்றை. கூச்சத்தினாற் கேளாது விடும் கேள்விகளிலும் பார்க்க, தெரியும் என்ற எண்ணத்தினாற் கேளாது விடும் கேள்விகளே அதிகம் என்பது எமது அனுபவம்.

நரை ஏன் இல்லை?

நல்ல கேள்வி ஒன்று எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்குப் பழந்தமிழரின் நட்பு வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனும் பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரும் ஒருவரையொருவர் காணாமலே நண்பரானவர்கள். சோழன் வடக்கிருந்து உயிர் துறக்கத் துணிந்தபோது, தன் நண்பர் தவறாது வருவார் என்று அவருக்கும் ஓர் இடம் ஒதுக்கச் செய்தான். அவரும் வந்து சேர்ந்தார்.

அங்கிருந்த சான்றோர் அவரைப் பார்த்தனர். அவரைப் பற்றி அவர்கள் கேள்வியுற்ற காலமோ நெடிது. ஆயினும் அவருடைய தலையிலே நரை இல்லை. "உமக்கு ஆண்டுகள் பல ஆயினவே, நரை இல்லாதிருப்பது எப்படி?" என்று வினவினர். அதற்கு அவர் அளித்த விடை புறநானூற்றில் 191ஆம் பாட்டாக அமைந்திருக்கிறது. குணத்திற் சிறந்த மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலாளர், தீங்கு செய்யாது காக்கும் அரசன் என்று அவர் ஒவ்வொன்றாகக் கூறி, அவற்றுக்கெல்லாம் மேலாகத் தமது ஊரிலே அடக்கமுள்ள சான்றோர் பலர் வாழ்கின்றனர் என்று முடித்தார்.

கேட்டது மயிரின் நிறத்தைப் பற்றி. கிடைத்ததோ ஒரு மனிதரின் வாழ்க்கை முழுவதும். இதைக் கேட்பதற்குப் பெரிய தத்துவம் எதுவும் தேவைப்படவில்லை. அச்சான்றோர் தம் எதிரே நின்றவரை நன்றாகப் பார்த்தனர், கண்டதிலே வியப்படைந்தனர், வியந்ததையே வினாவாக்கினர். "வாழ்க்கையின் பொருள் யாது?" என்று திடீரெனக் கேட்டால் எவரும் திகைப்பர். "நீர் எப்போதும் முணுமுணுக்கும் அந்த மெட்டு எது?" என்று கேட்டால் ஒருவர் தம் இளமைக் காலம் முழுவதையும் சொல்லிவிடவும் கூடும்.

ஆராய்ச்சியாளர் கண்டவை

இக்காலத்து உளவியலாளரும் இவ்விஷயத்தை ஆராய்ந்திருக்கின்றனர். 1997ஆம் ஆண்டில் ஆதர் ஏரன் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய துணைவரும் தமது பரிசோதனையை வெளியிட்டனர். ஒருவரையொருவர் அறியாதவர்களை இருவர் இருவராக அமரச் செய்து, 36 கேள்விகளை மூன்று தொகுதியாக வகுத்து, முக்கால் மணி நேரம் பேசவிட்டனர். முதலிற் கேட்பவை எளியவை; போகப் போக ஆழமானவை. ஒருவர் கேட்க மற்றவர் மட்டும் சொல்வதன்று. இருவருமே விடை கூறுதல் வேண்டும். மேலெழுந்தவாரியாகப் பேசிய மற்றச் சோடிகளைப் பார்க்கிலும் இவர்கள் தமக்குள் அதிக நெருக்கம் உண்டானதாகக் கூறினர்.

2017இல் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று, கேள்வி அதிகம் கேட்பவரையே மற்றவர்கள் கூடுதலாக விரும்புகின்றனர் என்று காட்டியது. அவற்றுள்ளும் சிறப்பானது தொடர்கேள்வி. மற்றவர் இப்போது சொல்லி முடித்ததையே பற்றிக்கொண்டு மேலே கேட்பது அது. தொடர்கேள்வியை முன்கூட்டியே ஆயத்தம் செய்துகொண்டு வர முடியாது. காது கொடுத்துக் கேட்டவனுக்கு மாத்திரமே அது வாய்க்கும். "என்ன பெட்டி?" என்பது அத்தகையது. வெங்காய விலையைக் கேட்டதும் ஒரு கேள்விதான். ஆனால் அது தொடர்கேள்வி அன்று, தப்பியோடும் கேள்வி.

2021இல் கார்டாஸ், குமார், எப்லி என்னும் மூவர் வெளியிட்ட மற்றோர் ஆய்வும் அறியத்தக்கது. ஆழமான விஷயங்களைப் பேசினால் சங்கடமாக இருக்கும் என்று முன்கூட்டியே அஞ்சியவர்கள், பேசிய பின்னர் அவ்வளவு சங்கடம் இல்லையென உணர்ந்தனர். நாம் சொல்வதிலே மற்றவர் அக்கறை கொள்ளமாட்டார் என்று குறைவாக மதிப்பிடுவதே அந்த அச்சத்துக்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினர்.

விடுப்பும் விசாரிப்பும்

இனி, ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடமை. நம்மூரிலே "விடுப்புக் கேட்டல்" என்றொரு வழக்கம் உண்டு. சம்பளம் எவ்வளவு, கலியாணம் ஏன் சரிவரவில்லை, இன்னும் பிள்ளை இல்லையா என்று துருவித் துருவிக் கேட்பவர்கள் தாமும் ஆழமான கேள்விகளையே கேட்பதாக எண்ணக்கூடும். அவை ஆழமானவை அல்ல, கூர்மையானவை. ஆழத்துக்கும் கூர்மைக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அளவுகோல் போதும். விடுப்புக் கேட்பவர் விடையை வேறோரிடத்துக்குக் கொண்டு செல்வதற்காகக் கேட்கிறார். நண்பர் விடையைத் தம்மிடமே வைத்துக்கொள்வதற்காகக் கேட்கிறார். விடுப்பிலே மற்றவர் பதில் சொல்லியே தீர வேண்டும். நட்பிலே சொல்லாதிருக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

2009ஆம் ஆண்டு வரை நீண்ட போரை அனுபவித்த நமது மண்ணில் இவ்வுரிமை மிகவும் பேணத்தக்கது. சிலர் இழந்தவர்களைப் பற்றிப் பேச விரும்புவர், சிலர் விரும்பார். பேச விரும்புபவரும் எல்லா நாளும் விரும்பார். "அவரைப் பற்றிச் சொல்ல விருப்பமென்றால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன், இல்லையென்றாலும் பரவாயில்லை" என்று கூறுதல் ஒரு கேள்வியிலும் மேலான கேள்வியாகும். பிரச்ன உபநிடதத்திலே, ஞானத்தைத் தேடி வந்த அறுவரையும் பிப்பலாத முனிவர் உடனே கேட்க விடவில்லை. ஓராண்டு தம்முடன் தங்கியிருந்து, பின்னர் வேண்டியதைக் கேட்கும்படி கூறினார். கேள்விக்கும் ஒரு பருவம் உண்டு என்பதை முன்னோர் அறிந்திருந்தனர்.

எப்படிக் கேட்பது?

நாம் கண்டறிந்த சில வழிகளை இங்கே கூறுகிறோம்.

பொதுவாகக் கேளாமல் குறிப்பாகக் கேட்க வேண்டும். பாட்டியிடம் "அந்தக் காலம் எப்படி?" என்றால், "அந்தக் காலம் நல்ல காலம்" என்று முடித்துவிடுவார். "பள்ளிக்கூடத்துக்கு எந்த ஒழுங்கையால் நடந்து போனீர்கள்? உங்களோடு ஆர் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒழுங்கையிலே நின்ற மாமரமும், அதில் மாங்காய் பறித்து அகப்பட்ட தோழியும் தாமாகவே வந்து சேர்வர்.

கனடாவிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வாரந்தோறும் தொலைபேசியில் அழைப்பவர்களுடன் நாம் பேசுவது என்ன? "அங்கே குளிரா?" "இங்கே வெயில்." "சாப்பாடாயிற்றா?" முகத்தைத் திரையிலே பார்த்துக்கொண்டே பேசும் வசதி வந்துவிட்டது, பேச்சு மட்டும் வளரவில்லை. ஒருநாள் "அங்கே போய் முதன்முதல் பனி விழுந்ததைக் கண்ட அன்று என்ன செய்தாய்?" என்று கேளுங்கள். காலநிலைதான் இதற்கும் பொருள். ஆனால் வரும் விடை வேறு.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்வோம். பரீட்சை முடிந்தால் "எத்தனை புள்ளி?" என்பதே உங்களிடையே முதற் கேள்வி. அதற்கு ஓர் எண் விடையாக வரும். அந்த எண்ணோடு ஒருவர் மகிழ, மற்றவர் வாடுவார். "எந்தக் கேள்வி உன்னை மிகவும் திணறடித்தது?" என்று கேட்டால் இருவரும் ஒரே பக்கத்தில் அமர்ந்து பேசலாம். பள்ளித் தோழமை நீண்டு நிலைப்பது இத்தகைய பேச்சினாலேயே.

கேட்டபின் காத்திருத்தல் வேண்டும். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. நல்ல கேள்விக்கு உடனே விடை வாராது. அந்த இடைவெளியை நம்முடைய சொற்களால் நிரப்பிவிட்டால், வந்துகொண்டிருந்த விடை திரும்பிப் போய்விடும். மேலும், கேட்பவர் தாமும் கொடுக்க வேண்டும். தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லாது பிறரையே கேட்டுக்கொண்டிருப்பது விசாரணை மன்றத்தின் முறை, நட்பின் முறையன்று.

பெட்டிக்குள் இருந்தது

கல்வெட்டை வாசித்துச் சில வாரங்களின் பின் நண்பரின் வீட்டுக்குச் சென்றோம். அவருடைய மனைவியார் விறாந்தையில் இருந்தார். அவர்களின் பேரன் ஒரு மூலையிலே கைத்தொலைபேசியும் கையுமாக இருந்தான். சுகம் விசாரித்தோம். மழையைப் பற்றியும் பேசினோம். பின்னர், சிறிது தயக்கத்துடனே, "தங்கச்சி, அந்தத் தகரப் பெட்டியில் என்னென்ன இருந்தது?" என்று கேட்டோம்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. இம்முறை நாமும் ஒன்றும் சொல்லாது இருந்தோம்.

"இதை இவ்வளவு காலமும் ஒருவரும் கேட்கவில்லை, அண்ணை" என்றார். அதன்பின் ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பேசினார். மூன்று கொப்பிகள்; மேலே நீல உறை போட்டவை. ஒரு நாடகத்திலே அவர் அரசியாக வந்தாராம். அதற்கு உடுத்த சேலை யாரிடமோ இரவல் வாங்கியதாம். யாரிடம் என்று கேட்டோம். "என்ரை அம்மாவிடம்" என்றார். அப்போது அவர்களுக்குக் கலியாணம் பேசவுமில்லை. மணலிலே முன் வரிசையில் இருந்து, தன் தாயின் சேலை மேடையில் அழுவதைப் பார்த்ததாகச் சொல்லிச் சிரித்தார். பின்பு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பேரன் எப்போது கைத்தொலைபேசியைக் கீழே வைத்தான் என்று தெரியவில்லை. "அப்பப்பா நடித்தவரா?" என்றான். "பாட்டும் பாடினவர்" என்றார் அவர். "என்ன பாட்டு?" என்று அவன் கேட்டான். அவர் மெல்லிய குரலில் ஒரு மெட்டைத் தொடங்கினார். இருபத்தைந்து ஆண்டுகளாக எமது விறாந்தையில் நாம் கேட்டுக்கொண்டிருந்த அதே மெட்டு. சொற்களை அன்றுதான் முதன்முதல் கேட்டோம்.

போன பெட்டி இனித் திரும்பி வாராது. நண்பரிடம் கேட்க வேண்டியதை அவரிடமே கேட்கும் காலமும் கடந்துவிட்டது. எனினும் நம்மைச் சுற்றி இன்னும் எத்தனையோ பேர் இருக்கின்றனர். பேச்சின் நடுவிலே ஒரு சொல்லைத் தொடங்கி நிறுத்திவிட்டு, நாம் கேட்போமா என்று ஒரு கணம் பார்க்கின்றனர். இன்று மாலை உங்கள் வீட்டுக்கு ஒருவர் வரக்கூடும். சுகம் கேளுங்கள், தேநீர் கொடுங்கள், மழையைப் பற்றியும் பேசுங்கள். அவர் அப்படி ஒரு சொல்லை இடையில் நிறுத்தினால், வெங்காய விலையை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.